எல்லாப் பக்கமும் ஒரே அளவு, ஆனால் வட்டம் இல்லை

1. திரும்பி வந்த லாட்

கோவையில் பம்ப் ஷாஃப்ட் செய்யும் ஒரு கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷனில் எனக்கு அது ஐந்தாவது வருடம். இன்சார்ஜ் இடம் காலியாக இருந்தது. பி.இ. படித்த நானா, எனக்கு மூன்று வருடம் கழித்து டிப்ளமோவோடு வந்த சங்கவியா என்பதை அந்த மாதம் முதலாளி முடிவு செய்வதாக இருந்தார். அப்போதுதான் வாடிக்கையாளருக்கு அனுப்பிய ஷாஃப்ட்களில் ஒரு லாட், அதாவது ஒரு தொகுதி, முழுவதும் திரும்பி வந்தது. ஷாஃப்ட் பேரிங்கில் ஏறவில்லை.

“ஏனுங்கம்மணி, நீங்கதானே பாஸ் போட்டீங்க?” என்றார் முதலாளி.

“மைக்ரோமீட்டர்ல எட்டுப் பக்கம் அளந்தேனுங்க சார். எல்லாம் ஒரே சைஸுங்க.”

“அப்பறம் ஏனுங்க உள்ள போக மாட்டேங்குது? கோவிச்சுக்கிச்சா?”

2. அதற்கு முந்தைய வாரம்

சங்கவியிடம் எனக்குப் பிடிக்காதவை:

அ) மெஷின்காரர்கள் அவளைக் ‘கண்ணு’ என்பார்கள். என்னை ‘மேடம்’ என்பார்கள்.
ஆ) கிரைண்டிங் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.
இ) அதைப் பெருமையாகச் சொல்லவும் மாட்டாள்.

அந்த லாட் ஓடும்போது என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, வி-பிளாக் குடுங்க. மெஷின் சத்தம் மாறிப்போச்சுங்க. ஷாஃப்ட் ரவுண்டா வருதான்னு பாத்துப்போட்டுத் தாரேன்.”

“காலிபரேஷனுக்குப் போயிருக்கு” என்றேன். அது என் டிராயரில் இருந்தது.

3. மூன்று முறை ஏறிய முள்

லாட் திரும்பிய அன்று முதலாளி சங்கவியிடமும் கேட்டார். “வி-பிளாக்ல வெச்சுப் பாக்கோணுங்க” என்றாள். வேறு வழியின்றி டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். என்னை ஒரு முறை பார்த்தாள்.

வி வடிவப் பள்ளத்தில் ஷாஃப்டை வைத்து, மேலே டயல் கேஜைத் தொட வைத்துச் சுற்றினாள். ஒரு சுற்றுக்கு முள் மூன்று முறை ஏறி இறங்கியது.

வட்டத்தை எந்தத் திசையில் அளந்தாலும் அகலம் ஒன்றுதான். ஆனால் பக்கங்கள் வெளியே புடைத்த ஒரு முக்கோணத்துக்கும் அந்தக் குணம் உண்டு. எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் தொடும் மைக்ரோமீட்டருக்கு இரண்டும் ஒன்றே. வட்டமான பேரிங்குக்கு அப்படியில்லை; எங்கள் ஷாஃப்டின் புடைத்த மூன்று மூலைகளும் அதில் இடித்தன.

“ஏங் கண்ணு, இத்தனை தெரிஞ்சவ போன வாரமே பாத்திருக்கலாமுல்ல?” என்றார் முதலாளி.

சங்கவி வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்தால் தப்பு பாதிப் பாதி; இன்சார்ஜ் இடம் எனக்கே வரலாம். அந்தக் கணக்கை நான் போட்டு முடித்தேன். பிறகும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சங்கவி போன வாரமே வி-பிளாக் கேட்டாங்க சார். நான்தான் இல்லைன்னு சொல்லிப்போட்டேன். டிராயர்லதான் இருந்துச்சு.”

“ஒரு முழு லாட்டுங்கம்மணி” என்றார். அவ்வளவுதான்.

4. புதிதாக வருபவர்களுக்கு

சென்டர்லெஸ் கிரைண்டிங்கில், அதாவது மையத்தில் பிடிக்காமல் உருட்டித் தேய்த்து, வரும் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். வி-பிளாக்கிலும் சுற்றிப் பாருங்கள். யாராவது கருவி கேட்டால் முதலில் கொடுங்கள், காரணத்தை அப்புறம் கேட்கலாம். பொறாமை போன பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். என்னுடையது இன்னும் போகவில்லை. இப்போது சங்கவிதான் இன்சார்ஜ். ரிப்போர்ட்டில் நான் போட்ட கையெழுத்துக்கு மேலே அவளுடையது இருக்கிறது. என்னுடையதைவிட அழகாகவும் இருக்கிறது.