மூன்றாம் தண்ணீர்

எனக்கு முதல் தடவை அம்மை வார்த்தபோது ஒன்பது வயது. தொண்ணூற்றொன்றாம் வருடம், வைகாசி. அந்த வாரம் குன்றத்தூர் மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அது கெட்டுப்போன ஆத்திரம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அப்பா சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். கிளம்பும்போது, கூடப்பிறந்தவர்தானே என்று பிள்ளைப்பாக்கத்து வீட்டுக்குப் பெரியப்பா பேரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியப்பா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். நாங்கள் குடியிருக்கும்போதே வீட்டை விற்க மெட்ராசிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். காலி செய்து கொடுத்தால்தான் பத்திரம் என்றாராம் அந்த ஆள். திங்கட்கிழமை டிராக்டர் வரும், சாமானை ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத்தில் உன் தாய்வீட்டுக்குப் போய்விடு என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். விஷயம் தெரிந்த அப்பா, லீவு கிடைத்துவிட்டது, பத்து நாளில் வருகிறேன் என்று தந்தி கொடுத்திருந்தார். பத்து நாள் வீட்டைப் பிடித்துவைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். வெளியே போய் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு வந்தாள். "ஆத்தா வந்துகீறா. வெளிய போவாத" என்றாள். எனக்குக் கொஞ்சம் அரித்ததே தவிரக் காய்ச்சல்கூட இல்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

மறுநாள் டிராக்டரோடு வந்த பெரியப்பா, வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே செருப்பைக் கழற்றினார். எங்களை விரட்ட வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மை கண்ட வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை யாரும் வீடு மாறவும் கூடாது. டிராக்டர் காலியாகத் திரும்பியது.

ஆனாலும் அவருக்கு உள்ளூரச் சந்தேகம். மூன்றாம் நாள் பெரியம்மாவைக் கூட்டிவந்து, போய்ப் பார்த்துவிட்டு வா என்று வாசலில் நின்றார். பெரியம்மா கொண்டுவந்த இளநீரைக் கீழே வைத்தாள். என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

பெரியம்மா வாசலுக்குப் போனாள். "ஒடம்பு பூரா முத்து. புள்ள கண்ணே தொறக்கல. மூணாந்தண்ணி ஊத்தாம இந்தப் பக்கம் வந்துடாத."

நான் பயந்துபோய் உடனே கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பா வந்து இறங்கிய அன்றுதான் எனக்கு மூன்றாம் தண்ணீர். என் தலை காய்வதற்குள் அவர் ஸ்ரீபெரும்புதூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்ப் பவரை ரத்து செய்துவிட்டு வந்தார். வீடு எங்களுக்கு நின்றது. பெரியப்பா இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு என் சடங்குக்குப் பந்தல் போட அவரே வந்து நின்றார்.

வளர்ந்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லைனில் நிற்கும்போதே காய்ச்சல் அடித்து, உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது. எனக்கு ஏற்கனவே அம்மை வந்துவிட்டது, மறுபடி வராது என்று சூப்பர்வைசரிடம் அடித்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் பெரியம்மா இளநீரோடு வந்தாள். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள்.

"இந்த வாட்டி நெசமாவே வந்துகீறாடி" என்றாள் அம்மாவிடம்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வருடமும் அந்த வேர்க்குருவை அம்மை என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இரண்டே பேர். நானும் பெரியப்பாவும்.