பதினாறாம் நாள் கழுவிய கற்கள்

இது நான் கிழிக்கப்போகும் நான்காவது தாளாக இருக்கலாம். அக்காவின் முதலாண்டு நினைவுக் குறிப்பை எழுத உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் "அக்கா மட்டாஞ்சேரியில் பிறந்தார்" என்று தொடங்குகிறேன். எழுந்து வராந்தாவில் நடக்கிறேன். வந்து கிழித்துப் போடுகிறேன். மனசு ஒரு நிலையில் இல்லை. நான் செய்த தப்பைச் சொல்லாமல் அக்காவின் பெருமையை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

அப்பாவின் மிளகுக் கடை மாடியில்தான் அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, கடையைப் பார்த்துக்கொண்டே படித்தார். மிளகு சலித்த கை மணல் சலிக்கப் போனது. எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எடுத்த மணற்கற்களைப் பார்த்து, அந்த மணலைக் கொண்டுவந்து போட்டது ஆறா கடலா என்று சொல்வது அவர் வேலை.

"அடியில எண்ணெய்க் குளம் எத்ர ஆழம் மோளே?" என்று மாமா வரும்போதெல்லாம் கேட்பார்.

"குளமொண்ணும் இல்ல மாமா. மணலுக்கு இடையில ஊறிக் கிடக்கும். எந்த மணல்னு தெரிஞ்சாத்தானே எங்க தோண்டணும்னு சொல்ல முடியும்?"

புற்றுநோய் முற்றிய பிறகும், ஒரே கிணற்றின் பதினோரு கற்களை மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அடியில் ஆற்று மணல், மேலே போகப்போகக் கடல் ஏறி வந்திருக்கிறது என்பது அவர் கண்டது. ஒவ்வொரு கல்லிலும் எண்ணும், எது மேல்பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் மையால் போட்டிருந்தார். அறிக்கை முடியுமுன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் வீடு கழுவினோம். எண்ணெய் வாடை அடிக்கிறதே என்று அந்தக் கற்களையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் செய்தேன்.

மறுவாரம் அறிக்கையை முடிக்க, அக்காவோடு வேலை பார்த்த ஷீபா வந்தார். "அய்யோ சேட்டா, கழுவியோ?" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பார்த்தேன், எந்தக் கல்லிலும் எண்ணும் இல்லை, அம்பும் இல்லை.

மூன்று நாள் லென்ஸும் அக்காவின் நோட்டுமாக உட்கார்ந்தார். பருமணல் அடியில், பொடிமணல் மேலே, சிப்பித்துண்டு உள்ளது அதற்கும் மேலே என்று பத்துக் கற்களைச் சரியாக வைத்துவிட்டார். அறிக்கை அக்காவின் பெயரிலேயே போனது. பதினோராவது கல் மட்டும் எங்கும் ஒரே சீரான மணல். "இதோட மேல்பக்கம் சேச்சிக்கு மாத்ரம்தான் தெரியும்" என்று என் கையில் கொடுத்தார்.

ஷீபாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு மாறிமாறிச் சாயாவும் கஞ்சியும் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி.

ஒரு வருடமாக அந்தக் கல் அக்காவின் மேசையில்தான் இருக்கிறது. காலையில் ஒரு பக்கமாக வைக்கிறேன். மாலையில் திருப்பி வைக்கிறேன். எது சரி என்று சொல்ல நீ இல்லையே அக்கா.