இரண்டாவது பிலிமிலும் இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை, யூடியூபில் யாரோ ஒருத்தி சொன்னதை நம்பி, சமையலறைக் குழாயில் படிந்திருந்த உப்புக் கறையை வினிகர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறை போகவில்லை, கைதான் சிவந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரில் இருக்கும் என் இளைய மகளிடமிருந்து போனில் சில படங்கள் வந்தன. ஆஸ்பத்திரித் தாள், நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து. கூடவே அவள் குரல். "அம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். இன்னும் நாலஞ்சு வருசத்துக்குப் பிள்ளை வேணாம். காப்பர்-டி போட்டுக்கிட்டேன். மூணு தடவை கேட்டாங்கம்மா, நெசமாவே உங்க இஷ்டந்தானான்னு. எனக்கே போரடிச்சிருச்சு."

அவளுடைய முடிவில் எனக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை. அவள் வயிறு, அவள் கணக்கு. நான் அதிர்ந்தது அந்த "மூணு தடவை"க்கு. கேட்டுக் கேட்டுச் சலிப்பு வந்ததாம்! ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வினிகர் வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், முப்பது வருஷத்துக்கு முந்திய இருட்டறைக்குள் போய் நின்றேன்.

இருட்டறை என்றதும் வேறெதுவும் நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்ரே பிலிம் கழுவும் அறை. போடியில் ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவில், ஒரு கடையின் பின்கட்டில் எங்கள் எக்ஸ்ரே மெஷின் இருந்தது. முன்பக்கம் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பார்கள். பின்பக்கம் நாங்கள் எலும்பைப் படம் பிடிப்போம். பிலிமைக் கழுவும் தொட்டியில் ஹைப்போ என்று ஒரு மருந்து இருக்கும், அசல் வினிகர் வாடை. சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். "பாயசத்துல ஊறுகாயக் கொட்டுனாப்ல வர்றியேடி!"

எனக்கு இருபத்திரண்டு வயது. மதுரையில் ஒரு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டால் ஊரில் டாக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்ற நினைப்பு. மாடியில் ஒரு மலையாளத்து டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். அவர்கூட என் அளவுக்கு விறைப்பாக நடக்கமாட்டார்.

அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் சுவரில் இருக்கும் சிவப்பு முக்கோணம்தான் எல்லோருக்கும் தெரியும். போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் போனால் வழியெல்லாம் கண்ணில் படும். எஸ்டேட்டில் நர்ஸ் வந்து ஆண்களுக்கு நிரோத் ஆணுறைப் பாக்கெட்டுகளை அள்ளி அள்ளிக் கொடுப்பார். அவர்களும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள். அடைமழையில் தீப்பெட்டி நனையாமல் இருக்க அதைவிட வசதியான உறை ஏது? நர்ஸின் நோட்டில் மலை முழுக்கக் கட்டுப்பாடு அமோகமாக நடந்துகொண்டிருந்தது. மலையில் பீடி அணையாமல் இருந்தது. இதைச் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். நோட்டில் எழுதியிருப்பது ஒன்று, உடம்பில் நடப்பது ஒன்று என்பது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது பேச்சியக்கா வந்த அன்றைக்கு.

ராசிங்காபுரத்துக்காரி. முப்பது வயது இருக்கும். ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறவள். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு குலுங்கியதில் கீழே விழுந்து, நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எலும்பு டாக்டர் இடுப்புப் படம் எடுக்கச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருந்தார். கூட மாமியார். புருஷன் தவசி அண்ணன் வாசலில் நின்றார்.

பெண்களுக்கு இடுப்பில் படம் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். கேட்டேன். "நாள் தள்ளிப் போயிருக்காக்கா? வயித்துல பிள்ளை இருந்தா எடுக்கக்கூடாது."

அக்கா வாயைத் திறக்கும் முன்னே மாமியார் சொன்னார். "அந்தக் கொடுப்பினை எங்க இருக்கு? ஒரு பொட்டப்பிள்ளையப் பெத்ததோட சரி. ஏழு வருசமாச்சு."

உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்றேன். தாலிக்கொடியைக் கழற்றினாள். அரைஞாண் கயிற்றிலிருந்து மூன்று தாயத்துகளை அவிழ்த்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோயில், எல்லாம் பிள்ளை வரத்துக்கு. படம் எடுத்து இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவினேன். சிவப்பு விளக்கில் பிலிமைத் தூக்கிப் பார்த்தால், இடுப்பெலும்புக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று.

எனக்கு எரிச்சல். எங்கேயோ ஒரு ஊக்கை மறந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிலிமை வீணடித்தால் முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். வெளியே வந்து, "உள்பாவாடையில ஊக்கு எதுவும் இருக்காக்கா, நல்லாப் பாருங்க" என்று கடுகடுத்தேன். இல்லை என்றாள். நானே தடவிப் பார்த்தேன், இல்லை. மறுபடி படம் எடுத்தேன்.

இரண்டாவது பிலிமிலும் இருந்தது. அதே இடம். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன். சின்னதாக, வெள்ளை வெளேரென்று ஒரு காப்பர்-டி.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், மனசுக்குள் திட்டிக்கொள்ளுங்கள். ஈர பிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, வெள்ளைக் கோட்டுத் தோரணையில் உரக்கச் சொன்னேன். "ஏங்க்கா, காப்பர்-டி போட்டிருக்கேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு ஒரு பிலிம் மிச்சமாயிருக்கும்ல?"

"அது என்ன டி?" என்றார் மாமியார்.

"பிள்ளை உண்டாகாம இருக்க உள்ள வைக்கிறதும்மா."

சொல்லி முடித்த பிறகுதான் பேச்சியக்காவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை. "எனக்கா?" என்றாள். "எனக்குள்ளயா?"

மாமியார் எழுந்து நின்றார். "அடிப்பாவி! ஏழு வருசமா கோயில் கோயிலா என்னைய அலைய விட்டுட்டு, நீ உள்ள பூட்டுப் போட்டு வச்சிருந்தியா? தையில என் மக பெத்தவள தவசிக்கு ரெண்டாந்தாரமாக் கட்டி வைக்கப் பேசுனப்ப ஊரெல்லாம் அழுதியேடி. வேணும்னே வச்சுக்கிட்டவளுக்கு என்னடி அழுகை? இன்னைக்கே ஒன்னைய குரங்கணிக்கு ஒங்காத்தா வீட்டுக்கு ஏத்தி விடுறேன்!"

"என் மக மேல சத்தியமா எனக்குத் தெரியாது அத்த" என்று அக்கா கத்தினாள். தவசி அண்ணன் ஓடி வந்தார். அவர் அவளைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், நானும் அக்காவை நம்பவில்லை. தன் உடம்புக்குள் ஒன்றை வைத்தது ஒருத்திக்குத் தெரியாமல் இருக்குமா என்றுதான் நினைத்தேன்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து டாக்டரம்மா இறங்கி வந்தார். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரசவம் எங்கே ஆச்சு?" என்று கேட்டார். அக்கா ஓர் ஊரைச் சொன்னாள். அந்த ஊர் இங்கே வேண்டாம். "அப்ப கொடுத்த சீட்டு இருக்கா?"

ரேஷன் கார்டோடு தகரப் பெட்டியில் இருப்பதாக அக்கா சொன்னாள். தவசி அண்ணன் அடுத்த பஸ்சிலேயே ராசிங்காபுரம் போனார். அவர் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. பெஞ்சின் ஒரு முனையில் மாமியார், மறுமுனையில் பேச்சியக்கா. இருவருக்கும் நான் கொடுத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது. அந்தச் சீட்டில் ஒன்றும் இல்லை என்றால் அவள் கதை அன்றோடு முடிந்தது.

சீட்டு வந்தது. ரோஸ் நிறம், நாலாக மடித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது எல்லோருக்கும் காட்டிய அதே சீட்டாம். டாக்டரம்மா அதை என்னிடம் நீட்டி, சத்தமாகத் தமிழில் படிக்கச் சொன்னார். பிள்ளையின் எடை, பிறந்த நேரம் எல்லாம் தாண்டி, அடியில் பால்பாயிண்ட் பேனாவால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. "காப்பர்-டி வைக்கப்பட்டது. உறவினர் சம்மதம்." அதற்குக் கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

ஏழு வருஷமாக அந்த வரி அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆங்கிலம் படிக்க ஆளில்லை.

"ரேகை யாரோடது?" என்றார் டாக்டரம்மா.

"நான் அஞ்சாப்பு படிச்சிருக்கேன். கையெழுத்துத்தான் போடுவேன்" என்றாள் அக்கா.

"நானும் கையெழுத்துத்தான். அன்னைக்கு நான் மலையில லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன்" என்றார் தவசி அண்ணன்.

மாமியார் தன் இடது கையைத் திருப்பிப் பெருவிரலைப் பார்த்தார். அங்கே இன்னும் மை இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் வெகுநேரம் பார்த்தார். "பிள்ளையத் தூக்கிட்டுப் போகணும்னா ரேகை வைன்னாங்க. வச்சேன்" என்றார்.

முன்பக்கம் ஏலக்காய் பொறுக்கிய பெண்கள்கூட வந்து கதவோரம் நின்றிருந்தார்கள். எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் வலியில் கிடந்த நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள். எழுந்த பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"பழசாயிருச்சு, இதை எடுத்தாகணும். எடுத்தா மறுபடி உண்டாக வழி இருக்கு" என்றார் டாக்டரம்மா.

மாமியாருக்கு உயிர் வந்தது. "அப்ப வெரசா எடுத்துருங்க தாயி. இப்பவே எடுத்துருங்க. வர்ற வருசம் பேரனோட வர்றோம்."

பேச்சியக்கா அழுகையை நிறுத்தினாள். "வைக்கும்போதும் என்னையக் கேக்கல. எடுக்கும்போதும் கேக்க மாட்டீங்களா அத்த?"

தவசி அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "மோளே, நீ சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் அதற்கு முன் யாரும் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். "இத எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வச்சு விடுங்கம்மா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கிறுக்குப் பிடிச்சிருச்சாடி ஒனக்கு?"

"பெத்தா இரு, பெறலேன்னா போன்னு சொல்ற வீட்ல எனக்குப் பிள்ளை வேணாம் அத்த. பெறாமயும் நான் இங்க இருக்க முடியுதான்னு பாக்குறேன். பிள்ளையப் பெறகு பாத்துக்கலாம்."

மாடியில் டாக்டரம்மா மேஜையிலிருந்த சம்மதத் தாளும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அக்கா அதை என் கையில் கொடுத்தாள். "வாசி தங்கச்சி. ஒரு வரி விடக்கூடாது." வாசித்தேன். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னாள். அரை மணி நேரம் ஆனது. பிறகு பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தித் தன் முழுப் பெயரையும் எழுதினாள். தையில் அந்த வீட்டில் கல்யாணம் நடக்கவில்லை. தன் கூடப்பிறந்தவள் மகளுக்குத் தவசி அண்ணனே வெளியில் மாப்பிள்ளை பார்த்தார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவள் நான். ஊரில் எவளிடமும் கேட்காமல் எதுவும் நடக்கக்கூடாது என்று பேசிக்கொண்டு திரிந்தவள் நான். எனக்கும் கல்யாணமாகி, வேலையை விட்டு, இரண்டாவது பிரசவம் வயிற்றைக் கிழித்துத்தான் ஆனது. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அம்மா பூரித்துப்போய் நின்றாள். "ரெண்டு வேலையும் ஒரேடியா முடிஞ்சிருச்சுடி. குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு. இனி ஒனக்கு நிம்மதி."

மூன்றாவது வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வேண்டாம் என்றும் நினைத்திருக்கவில்லை. நினைத்துப் பார்க்க நாள் இருக்கிறது என்று இருந்தேன்.

பத்தாம் நாள் பேச்சியக்கா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பம். அதற்கு முந்தின வருஷம் அவளே போய்க் காப்பர்-டியை எடுத்துவிட்டு வந்தாளாம். பிள்ளையைக் கொஞ்சினாள், ஆபரேஷன் விவரம் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்னையக் கேட்டாங்களா தங்கச்சி?" என்றாள்.

"கேட்டாங்கக்கா" என்று பொய் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள்.

அம்மாவா, என் வீட்டுக்காரரா, யார் கையெழுத்துப் போட்டது என்று நான் அன்று கேட்கவில்லை. நேற்று அவரிடம் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு போட்டா என்ன, நல்லதுதான நடந்துச்சு" என்றார். அம்மா போய்ப் பதினோரு வருஷமாகிறது. அந்த ஆஸ்பத்திரியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். பேச்சியக்காவிடமாவது ஒரு ரோஸ் சீட்டு இருந்தது. என் உடம்புக்குச் சம்மதம் சொன்னது யார் என்று பார்க்க இன்று எங்கேயும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.