அண்ணன் தாமதமாய் வந்த காலை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. எனக்குப் படிப்பு இல்லை. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அண்ணன் சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே கோடையிலும் வற்றாத கிணறு ஒன்று இருந்தது. அது இருக்கட்டும். சின்ன வயதிலேயே பால்மரம் வெட்டப் போனார். பிறகு லுக்குட்டில் அரசாங்கச் சாலை வேலையில் சேர்ந்து, என்னையும் சேர்த்துவிட்டார். புல் வெட்டுவதும் சாலையோரக் கால்வாயில் சேறு அள்ளுவதும் எங்கள் வேலை. சில ஆண்டுகளில் அண்ணன் எங்கள் குழுவை வேலை வாங்கும் மண்டோர் ஆனார்.

தோட்டத்து மண்டோரைத் தவிர வேறு மண்டோரை அவர் பார்த்ததில்லை. அதனால் தோட்டத்துப் பெரட்டையே அங்கேயும் வைத்தார். காலையில் வரிசையில் நிற்க வேண்டும், பெயர் வாசிப்பார். தாமதமாக வந்தவர் எல்லோர் எதிரிலும் தனியாக நிற்க வேண்டும். அன்று அவருக்குக் கால்வாய்தான். தம்பி என்று எனக்கும் சலுகை இல்லை. இரண்டு மாதத்தில் ஆள் மாற்றி ஆள் உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் எம்.சி. லீவு எடுத்தார்கள். ஐந்து பேர் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு மனு கொடுத்தோம். ஆமாம், நானும்தான். இவர்கள் போனால் குழுவையே கலைத்துவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை என்று அண்ணி வருத்தப்பட்டார்.

ஒரு நாள் வழியில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் பஞ்சர். நாங்கள் வரிசையில் நின்ற பிறகுதான் தள்ளிக்கொண்டு வந்தார். நேராகத் தாமதக்காரர் இடத்தில் போய் நின்றார்.

எங்களில் மாரிமுத்துதான் கிண்டல்காரர். "என்ன மண்டோரே, அங்க நிக்கிறீங்க? பேரு யாரு கூப்புடுறதுலா?"

"நீங்களே கூப்புடுங்க. நான் லேட்டு."

"அப்ப கால்வாயும் ஒங்களுக்குத்தான?"

"பின்ன? மம்பட்டிய கொண்டா."

மாரிமுத்து பட்டியலை என் கையில் திணித்தார். எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? மனப்பாடமாகவே எல்லோரையும் கூப்பிட்டேன். கடைசியில் "அண்ணே!" என்றேன்.

"இருக்கேன்டா!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணன் கால்வாய்ச் சேற்றில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் யாரும் சொல்லாமலே மாரிமுத்து இறங்கினார், பின்னாலேயே நாங்களும்.

அதற்குப் பிறகு யாரையும் தனியாக நிறுத்தவில்லை. நாளைக்கு எந்தச் சாலை என்று எங்களையும் கேட்டுத்தான் முடிவு செய்வார். கோபம் போய்விடவில்லை; கத்துவார், கத்திவிட்டு டீ வாங்கித் தருவார். ஐந்து மனுவையும் நாங்களே திரும்ப வாங்கிக்கொண்டோம்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் துணைக்கு இருந்தவர்களுக்கும், காரியத்துக்குக் கூடாரம் போட்டுச் சமைத்தவர்களுக்கும், செனாவாங்கிலிருந்து மழையில் மோட்டாரில் வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்த அந்த நான்கு பேருக்கு என் தனிக் கும்பிடு. நீங்கள் இருந்ததால்தான், ஓய்வு பெறுகிற நாள் வரை அண்ணன் காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினார்.