ஏரிக்கரை திரும்பும்போதே கேட்கும் சத்தம்

டுப்... டுப்... டுப்...

ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடலாம். என் பழைய புல்லட்டின் சத்தம் அது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஊர் ஊராகப் போய் மல்லாட்டை வாங்கிய காலம். வெளியூர்க்காரர்களுக்கு அது வேர்க்கடலை. எனக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. ஏரிக்கரை திரும்பும்போதே சத்தம் முன்னால் போய்விடும். நான் களத்தில் இறங்குவதற்குள் மூட்டை தைத்துத் தயாராக இருக்கும்.

கொஞ்சம் தலையெடுத்ததும் புது பைக் வாங்கினேன். மைலேஜ் ஜாஸ்தி, சத்தம் கம்மி. புல்லட்டைச் செங்கம் ரோட்டில் கஃபே வைத்திருந்தவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

அந்த அறுவடையில் போன களமெல்லாம் காலி...

கஸ்தூரி அக்கா தன் மல்லாட்டையை எப்போதும் எனக்குத்தான் போடுவார். அவரே சொன்னார்: "உன் வண்டி சத்தமே கேக்கலயேப்பா. நீ வரலன்னு வேற ஆளுக்குப் போட்டுட்டேன்."

"இந்தப் பக்கம்தானே அக்கா போய்க்கினு இருந்தேன்!"

"பூனை மாதிரி போனா யாருக்குத் தெரியும்?"

விட்டால் வியாபாரமே போய்விடும். சத்தம்தானே வேண்டும்? மெக்கானிக் சலீமிடம் போனேன், என் கூட்டாளி. புது வண்டி சைலன்சரின் உள்தடுப்பை எடுக்கச் சொன்னேன்.

"சத்தம் வரும்டா. உன் வண்டி வராது."

எடுத்தான். தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா மட்டும் களத்தைவிட்டு வரவில்லை. "காலேஜ் பையன் எவனோ கத்திக்கினு போறான்னு நெனச்சேன்!"

சலீம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சைலன்சர் வெறும் வாய்டா. குரல் இன்ஜின்ல இருக்குது. புல்லட்ல பெரிய பிஸ்டன், ஒண்ணே ஒண்ணு, நீளமா ஏறி எறங்குது. ஃபிளைவீல் நல்ல வெயிட்டு, மெதுவா சுத்தும். அதான் ஒவ்வொரு வெடியும் தனியா கேக்குது. இதுல சின்ன பிஸ்டன், பறக்குது. வெடியெல்லாம் ஒண்ணாயி இரைச்சலாயிடுது."

அன்றே கஃபேக்காரருக்கு போன் போட்டேன். "மன்னிச்சுக்குங்க, வண்டிய விக்கல."

அடுத்த வாரமே களத்தில் மூட்டைகள் காத்திருந்தன. அந்த வண்டியில்தான் நான் வளர்ந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று சொந்த கோடவுன், லாரி. மல்லாட்டை போட்டோ வாட்ஸ்அப்பில் வருகிறது, விலை போனிலேயே முடிகிறது. களத்துப் பக்கம் நான் போகவேண்டிய வேலையே இல்லை.

போன மாதம் சும்மா புல்லட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரை திரும்பி, களத்தோரம் நிறுத்தினேன். கஸ்தூரி அக்கா குனிந்து களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் நேத்தே உன் லாரில ஏத்திட்டேனேப்பா... இன்னும் எதுக்கு வந்த?"