அவர் சொல்லாத ‘வாரேன்’

“…மூணாந்தடவ கூப்பிட்டாத்தான் தம்பி, ‘ஏன்’னு கேக்கணும். மொதக் கூப்பாட்டுக்கே வாயத் தொறந்தா போச்சு. பனிக்குள்ள நிக்கிறது மனுசரா இருந்தா மூணு தடவ கூப்பிடும். மத்ததுக்கு அம்புட்டுப் பொறும கெடையாது” என்றபடி, தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் அந்த அக்கா இடுப்பு முடிச்சிலிருந்து பாட்டுப் பெட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

இரண்டாயிரங்களின் நடுவில் இலங்கை மலையகத்தின் கொட்டகலைக் கடைவீதியில் எனக்குப் பாதிக் கடை இருந்தது. மற்றப் பாதியில் ஒருவர் செருப்பு விற்றார். கெட்டுப்போன ரேடியோக்களைத் திறந்து திறந்துதான் நான் தொழில் கற்றது. கட்டைவிரல் அளவு எம்.பி.3 பெட்டிகள் மலைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்குக் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் திரும்பிப் போனதும் பெட்டிகள் என்னிடம் வரும்.

பாதி நோய்க்கு மருந்தே வேண்டாம். பக்கவாட்டில் ‘ஹோல்ட்’ என்று ஒரு குட்டிப் பூட்டு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பெட்டி அசையாது. செத்துப்போச்சு என்று துக்க முகத்தோடு கொண்டுவருவார்கள். நகத்தால் பூட்டைத் தள்ளிக் கொடுப்பேன், பாடும். ஒரு காதில் மட்டும் கேட்டால் செருகும் துளையில் பஞ்சு. தானாக அணைந்தால் பற்றரி முனையில் பச்சைக் களிம்பு. “இந்தப் பனியில இரும்பே அழுவுது, நம்ம எம்மாத்திரம்” என்பார் செருப்புக்காரர்.

அக்காவிடமும் அந்தப் பூட்டைக் காட்டினேன்.

“இப்புடி ஒண்ணு எங்க வீட்டுக்காரரு வாய்க்கும் போட்டுத் தாங்களேன்” என்றார்.

“அதுக்கு வாரண்டி கெடையாதுக்கா.”

அவருடைய பெட்டிக்கு நோய் வேறு. அதில் இருந்தது மகன் ஏற்றிக் கொடுத்த கொஞ்சம் பாட்டும் பேச்சும்தான். ஆனால் அட்டன் டவுன் கடையில் புதுப் பாட்டு ஏற்றக் கொடுத்தபோது உள்ளே இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பார்த்தேன். ஓரத்துப் பொத்தான் ஒன்று உள்ளே போய் மேலே வராமல் கிடந்தது. பேச்சைப் பதியும் பொத்தான் அது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் ஈரப் படங்குச் சாக்கு அதை அமுக்கி அமுக்கி, பெட்டி மலையில் நடந்ததையெல்லாம் தன்பாட்டுக்குப் பதிந்து வைத்திருந்தது.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும் பொத்தான் எழுந்தது. மகன் பேசிப் பதிந்ததை விட்டுவிட்டு, மற்றப் பதிவுகளை ஒவ்வொன்றாக மேசை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு அழித்துக்கொண்டே வந்தோம். கொழுந்து ஒடியும் சத்தம். மழை. நடுவில் ஒரு கங்காணிக் குரல்: “என்னா, கல்யாணப் பேச்சா நடக்குது? கை ஓடட்டும், கை ஓடட்டும்!”

“இந்த மனுசன் கடைக்கும் வந்துட்டாரா!” என்று அக்கா சிரித்தார்.

கடைசிப் பதிவில் சிரிப்பு நின்றது.

கொழுந்து ஒடியும் சத்தம் மெதுவாகி ஓய்ந்தது. நிழல் மரத்திலிருந்து துளிகள் விழுந்தன. தூரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். ஆணா பெண்ணா தெரியவில்லை, “அக்கா” என்பது மட்டும் தெரிந்தது. பிறகு மிகக் கிட்டத்தில், ஸ்பீக்கருக்குள் உட்கார்ந்து சொல்வதுபோல, “ஆங், வாரேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த அக்காவின் குரல்தான்.

“நான் சொல்லல” என்றார் அவர். “இப்பதானே ஒங்ககிட்டச் சொன்னேன். போன கெழம ஏழாம் நம்பர் மலையில, எல்லாரும் கொழுந்து நிறுக்கப் போன நேரம், நான் மட்டும் தேயில நெரையில நிக்கிறேன், ஒரு தடவ கூப்பிட்டிச்சு. நான் பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன்.”

“வேற ஒரு நாளு சொன்னதா இருக்கும்க்கா.” திகதி பார்க்கலாம் என்றால், பற்றரி கழற்றும்போதெல்லாம் அந்தப் பெட்டி நாளை மறந்துவிடும் சாதி.

“என் குரலு எனக்குத் தெரியாதா? அது நாந்தான். ஆனா நான் சொல்லல.”

அழித்துவிடலாம் என்று அமுக்கினேன். அழிந்தது என்று காட்டியது. அணைத்துப் போட்டால் அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி இருந்தது. பதிந்துகொண்டிருக்கும்போதே பற்றரி தீர்ந்தால் சில பதிவுகள் இப்படிச் சிதைந்து ஒட்டிக்கொள்ளும். நான் அறிந்த சங்கதிதான். ஆனாலும் அன்றைக்கு மூன்றாந்தடவை அமுக்காமல் விரலை எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த வைத்தியம் ஒன்றுதான், ஃபார்மட். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைத்துவிடும். பாட்டோடு மகனின் குரலும் போய்விடும். தீபாவளிக்கு வந்தவன், “அம்மா, மழையில நனையாம வேல செய்ங்க” என்று பதிந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். என்னிடம் அப்போது கம்ப்யூட்டர் இல்லை.

“நாளைக்கு அட்டன் கொண்டுபோய், மகன் பேசுனதக் கம்ப்யூட்டருல எடுத்து வச்சிட்டு அழிச்சித் தாரேன்க்கா.”

“நாளைக்கு வேல அதே ஏழாம் நம்பர்ல” என்றார். “வாரேன்னு சொன்னது இதுக்குள்ள கெடக்கையில நான் எப்புடி அந்த மலைக்கு ஏறுவேன்? சொன்ன சொல்லுக்குக் காலு இருக்கு தம்பி. நாம போகாட்டி அது வந்து கூட்டிப் போவும்.”

“மகன் கொரலு?”

“அவன் வாரேன்னா வருவான். அவன் சொல்ற வாரேன் வேற.”

ஒருமுறை மகன் பேசியதைக் கேட்டார். இன்னொருமுறை கேட்டார். பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டார். நான் ஃபார்மட்டை அமுக்கினேன். திரை வெளுத்து, பிறகு எதுவுமில்லை என்று காட்டியது. அணைத்துப் போட்டேன். எதுவுமில்லை. பொத்தானைச் சோதிக்க நானே “ஹலோ, ஹலோ” என்று பதிந்து, கேட்டு, அழித்தேன். அழிந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கையில் வாங்கினார்.

அதற்குள் பனி கடைவீதிக்கு இறங்கிவிட்டது. எதிர்க்கடையின் பல்பு மட்டும் மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. தோட்டத்து பஸ் வந்து உறுமிக்கொண்டு நிற்பது கேட்டது.

“அக்கா!” என்று வெளியே ஒரு குரல்.

அவரோடு பஸ்ஸில் வந்த பக்கத்து லயத்து வீட்டுக்காரி யாராவது இருக்கும் என்று நினைத்தேன். யாரும் கண்ணில் படவில்லை.

“அக்கா!”

“ஒங்களத்தான் கூப்பிடுறாங்க. பஸ் போயிரும்க்கா” என்றேன்.

செருப்புக்காரர்கூட எட்டிப் பார்த்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். பஸ் கியர் மாற்றி, திருப்பத்தில் ஹாரன் அடித்து, மேலே ஏறிப் போகும் சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை யாரும் கூப்பிடவில்லை.

அக்கா ஒரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். மறு கையின் நகத்தால், பெட்டியின் ‘ஹோல்ட்’ பூட்டைத் தள்ளினார்.