இரண்டு பேனரில் ஒரு கவிதை

போன வாரம் பாகூர் சாலையில் ஒரு நெல் குவியலைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன். பிரேக்கை அப்படியே அமுக்கினேன், பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தபடியே என் குடும்பத்தையெல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். அறுப்பு நாளில் அந்தச் சாலையில் பாதியை நெல்தான் பிடித்துக்கொள்ளும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. குவியலின் மேல் மூடியிருந்த பழைய பிளக்ஸ்தான் என்னை நிறுத்தியது. வெயிலில் நிறம் போய், ஓரம் நைந்து, மண் அப்பிக் கிடந்தது. ஆனாலும் மடிப்புக்கு வெளியே தெரிந்த ஒரு வரி கண்ணில் பட்டது. 'இரண்டு பக்கமும் விளைந்தது.' அந்த எழுத்தின் அளவையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தவள் நான். அந்த வரியை எழுதியவர் கவிஞர்.

கவிஞர் என்றால் பொன்னாடை போட்ட கவிஞர் இல்லை. திருபுவனையில் ஒரு கம்பெனியில் முதல் ஷிப்ட் வேலை பார்த்தவர். அப்போது நான் வில்லியனூரில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். கம்பெனி பஸ் அவரை எங்கள் கடை வாசலில்தான் இறக்கிவிடும். சட்டையில் கிரீஸ் வாடை போகாமல் உள்ளே வந்து, எனக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதற்குப் பேனர் அடித்தாலும் எங்கள் ஊர்ப் பக்கம் ஓரமாக நாலு வரி கவிதை இல்லாவிட்டால் பேனரில் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். அந்த நாலு வரிக்காகத்தான் எங்கள் முதலாளி அவரை வைத்திருந்தார். வைத்திருந்தார் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். டீ வாங்கித் தருவார், அவ்வளவுதான். "போட்டோவையும் பேரையும்தான் பாக்குறானுங்க. கவிதைய எவன் படிக்கிறான்" என்று அவர் காதுபடவே சொல்வார். கவிஞர் டீயை ஊதிக்கொண்டே சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. உள்ளே வலிக்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பேனர் சொல்ல வருகிறவர்களிடம் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் கேட்பதற்கு முன்னால், "வூட்டாண்ட இன்னா மரம் இருக்கு?" என்று கேட்பார். வந்தவர்கள் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். மரம், குட்டை, கரும்புக்கொல்லை, ஆடு, எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் அவருக்கு மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட வராது. ஏன் அண்ணே இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "மனுசன மட்டும் தனியா எழுதுனா ரேஷன் கார்டு போட்டோ மாதிரி ஆயிடும்மா" என்றார். நல்லவாட்டு மாப்பிள்ளைக்கும் பாகூர்ப் பெண்ணுக்கும் கல்யாணம் வந்தபோது, 'கடலும் ஏரியும் சம்பந்தி ஆயின, மழைதான் இரண்டு வீட்டுக்கும் உறவு' என்று எழுதினார். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னொருவர் தன் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு வந்து, எங்கள் வீட்டைச் சுற்றி எல்லாம் சிமெண்ட், மரமும் கிடையாது மண்ணும் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். கவிஞர் விடவில்லை. "காக்காவாவது வருதா?" என்று கேட்டார். மாடியில் சோறு வைத்தால் வரும் என்றார் அவர். 'காக்கையைக் கூப்பிடத்தான் முதன்முதலில் வாய் திறந்தான் எங்கள் பிள்ளை' என்று பேனர் ஏறியது. அதையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பிள்ளையின் கன்னத்தை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கச் சொல்லி மட்டும் போன் வந்தது.

பாகூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் முதலில் வந்தது ஒரு தை மாதக் காலையில். கவிஞருக்கு அன்று கம்பெனி லீவு. அப்பா இறந்துவிட்டார், நெல்லும் கரும்பும் வைத்த சம்சாரி, பதினாறாம் நாள் காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்றார். "என் பேரு, என் புள்ளைங்க போட்டோ மட்டும் போதும். வேற யார் பேரும் வேணாம்" என்று அழுத்திச் சொன்னார். கவிஞர் வழக்கம்போல ஆரம்பித்தார். அப்பா காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போவார் என்று கேட்டார். "வரப்புலதான் நடப்பாரு. வேற எங்க போவாரு" என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே தம்பி வந்தார். அதே அப்பா, அதே போட்டோ. வந்ததும் கேட்ட முதல் கேள்வியை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "எங்க அண்ணன் இன்னா சைஸ் சொன்னான்? அதுக்கு மேல ரெண்டு அடி போடுங்க." முதலாளிக்கு முகமெல்லாம் பல். போர் மோட்டார் தண்ணீரை யார் எப்போது பாய்ச்சுவது என்பதில் அண்ணன் தம்பிக்குள் ஆரம்பித்த சண்டை, அப்பா படுக்கையில் விழுந்தபோது பேச்சு வார்த்தை இல்லாத அளவுக்கு முற்றியிருந்தது. இப்போது காரியத்தையே இரண்டாகச் செய்யப்போகிறார்கள். அண்ணன் வீட்டில் ஒரு பந்தி, தம்பி வீட்டில் ஒரு பந்தி. எந்த வீட்டு இலையில் உட்காருவது என்று ஊரே விழித்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் தம்பியே கொட்டினார். கவிஞர் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். தம்பி யோசிக்கவே இல்லை. "வரப்புலதான் நடப்பாரு. வேற எங்க போவாரு" என்றார்.

ஒரு எழுத்து மாறவில்லை. நான் கவிஞரைப் பார்த்தேன், கவிஞர் என்னைப் பார்த்தார். தம்பி போன பிறகு அவர் என் மேஜையிலிருந்த பில் தாளைத் திருப்பி எழுதி, நடுவில் மடித்து, நகத்தால் கீறி இரண்டாகக் கிழித்தார். மேல் பாதி அண்ணன் பேனருக்கு, கீழ்ப் பாதி தம்பி பேனருக்கு. அண்ணனுக்கு இது:

வரப்பு என்றால்
வயலைப் பிரிக்கிற கோடு என்றது ஊர்.

தம்பிக்கு இது:

அப்பா அதன்மேல் நடந்தார்.
இரண்டு பக்கமும் விளைந்தது.

மறுபடி மறுபடி படித்தேன். பிறகுதான் பயம் வந்தது. அச்சடிக்கும் முன் சரிபார்க்கப் புரூப் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்களே என்றேன். "படிச்சாதானம்மா கண்டுபுடிப்பாங்க" என்றார் கவிஞர், முதலாளியின் குரலிலேயே. இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெயரை இன்னும் பெரிதாகப் போடுங்கள் என்று அண்ணனிடமிருந்து வந்தது. போட்டோவுக்குச் சுற்றிலும் ரோஜாப்பூ வையுங்கள் என்று தம்பியிடமிருந்து வந்தது. கவிதையைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. முதலாளி நினைத்தது சரிதான் என்று அந்த நிமிடம் எனக்கு அழுகையே வந்தது.

ஆனால் சவுக்குக் கம்பு நட்டு ஏற்றிய பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அண்ணன் பேனர் பஸ் ஸ்டாப்பில், தம்பி பேனர் தெருவின் மறுமுனையில் பால் சொசைட்டி வாசலில். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு வேறு வேலை என்ன? படித்தார்கள். செத்துப்போனவர் பேனரில் வரப்பு பிரிக்கும் என்று எழுதியிருக்கிறதே, இது என்ன அஞ்சலி என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பக்கம் பால் ஊற்ற வந்தவர்கள் "எதும்மேல நடந்தாரு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பாலை ஊற்றிவிட்டுப் பஸ் ஏறப் போன யாரோ ஒருவருக்குத்தான் முதலில் பொறி தட்டியிருக்கிறது. பிறகு ஊரே அந்தத் தெருவில் இங்கிருந்து அங்கே நடந்து படித்தது.

காரியத்துக்கு முந்தின நாள் அண்ணன் கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். "இன்னாம்மா, பாதியில வுட்டுட்ட? ஊரு சிரிக்குது" என்றார். கவிஞர் ஸ்டூலிலிருந்து எழுந்து, "மீதி உங்க தம்பி பேனர்ல இருக்குங்க. ரெண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னீங்க. அதான் ஒரே கவிதையா வந்துச்சு" என்றார். முதலாளிக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அவர் கவிஞரை முறைத்த முறைப்பில் நான் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். உடனே குரலை இறக்கி, முழுக் கவிதையும் போட்டு இப்போதே வேறு பேனர் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று அண்ணனிடம் கெஞ்சினார். பிரிண்டரைக்கூட ஓடவிட்டுவிட்டார்.

அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "வேணாம்" என்றார். "என்னுது முழுசா ஆயிட்டா அவனுது பாதியா நிக்கும். அவன பாத்து ஊரு சிரிக்கும்." அவ்வளவுதான் சொன்னார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கவிஞர் என்னைப் பார்த்து, "கெளம்புமா" என்றார். முதலாளி கத்தக் கத்த என் ஸ்கூட்டியில் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். அன்று நான் ஓட்டிய வேகத்தில் கவிஞர் ஏழு கவிதை எழுதியிருக்கலாம், கண்ணைத் திறந்திருந்தால்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தன் பேனரைக் கம்போடு பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தார். பால் சொசைட்டி வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை, தம்பி பேனருக்கு இடது பக்கம் குழி தோண்டி நட்டார். முதல் பாதி இடது பக்கம்தானே வரவேண்டும். கவிதையைச் சரியாகப் படித்திருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் தம்பியின் பேனர் இரண்டு அடி கூடுதல் உயரமாயிற்றே. வரிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவில்லை. தம்பி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் பேனரை இறக்கி, கீழே தன் பிள்ளைகள் போட்டோ இருந்த பகுதியை உள்ளே மடிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"புள்ளைங்க மூஞ்சிய மடிக்காதடா. நான் தூக்கிக் கட்டிக்கிறேன்."

அவர்களுக்குள் எத்தனையோ மாதம் கழித்து வந்த முதல் பேச்சு அது. தம்பி ஏணியைக் கொண்டுவந்து அண்ணனுக்குப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காரியம் ஒன்றாகவே நடந்தது, ஒரே பந்தி. எங்களுக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கவிஞரைத் தேடினால் ஆளைக் காணோம். செத்துப்போனவரின் வரப்பில் போய் நின்றுகொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பச்சை.

அதற்குப் பிறகு அவருடைய கம்பெனியின் ஒரு பிரிவை ஓசூருக்கு மாற்றினார்கள், கவிஞரும் போய்விட்டார். நானும் அந்தக் கடையை விட்டு, அரியூரில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை போட்டுவிட்டேன். இப்போது பேனர் கவிதையெல்லாம் போனில் தட்டினால் கொட்டுகிறது, அதில் மரமும் இல்லை, காக்காவும் இல்லை. பழசைப் பேசி மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. ஆனால் போன வாரம் பாகூர் சாலையில் அந்த வரியைப் பார்த்ததும் வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட மறந்துவிட்டேன்.

நான் இறங்கி நின்றபோதே மழை பிடித்துக்கொண்டது. பருவம் தப்பிய மழை, பெரிய பெரிய சொட்டு. சாலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் ஓடிவந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து பிளக்ஸை விரித்து இழுத்தார்கள். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, தம்பிக்குத் தொப்பை போட்டுவிட்டது. அது ஒரு பிளக்ஸ் இல்லை. சாக்கு தைக்கிற ஊசியால் நைலான் நூல் போட்டு இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். வலது பக்கம் இரண்டு அடி நீளமாகத் தொங்கியது. ஆனால் வரிகள் நேராக இருந்தன. வரப்பு, ஊர், அப்பா, விளைச்சல், எல்லாம் ஒரே வரிசையில், நெல்லின் மேல். மழையில் நனைந்தபடியே போட்டோ எடுத்தேன். நாலு படம் ஆடிப்போய், ஐந்தாவதுதான் சரியாக வந்தது. கவிஞருக்கு அனுப்பினேன். உங்கள் கவிதையை எப்படித் தைத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள் அண்ணே என்று எழுதி, என்ன சொல்லப்போகிறார் என்று போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதில் உடனே வந்தது. கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நெல்லு நனையலயே?"

நான் குனிந்து, பிளக்ஸின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"நனையல அண்ணே" என்று அனுப்பினேன்.